மூன்று மணி நேரத் தூரம்



கடந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், குர்கானில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். ஊரில் அவருடைய தகப்பனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு அந்தத் தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "பாஸ்டர் ஐயா, இங்கிருந்து ஊருக்குப் போய்ச்சேர உள்ளபடி எத்தனை மணி நேரம் ஆகும்? அண்ணன் உடனே வா என்கிறான். நான் சொன்னேன், இப்போது அப்பா நன்றாகத்தானே இருக்கிறார், ஏதாவது ஒன்று என்றால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடமாட்டேனா என்று."

அவருக்கு நான் அங்கேயே ஒரு பதில் சொன்னேன். ஆனாலும் அந்த 'மூன்று மணி நேரம்' என்ற வார்த்தை வீடு வரையில் என்னோடு கூடவே வந்தது. ஏனென்றால் அதே வார்த்தையை, அதே தொனியில், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். டெல்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிழைப்பின் நிமித்தம் குடியேறி, தாய் தகப்பனைத் தென்கோடியில் விட்டுவந்திருக்கிற நீங்களும் ஒருவேளை சொல்லியிருக்கலாம். ஆகையால் இந்த மாதம் தூரத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது கணக்கைப் பார்த்துவிடுவோம். டெல்லி விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையத்திற்கு, பூமியின் வளைவின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், சுமார் 1,760 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ரயிலில் போனால் சுமார் 2,180 கிலோமீட்டர். இரண்டுமே சரியான அளவுதான். தண்டவாளம் மலைகளையும் ஆறுகளையும் பார்த்து வளைந்து, போபாலையும் நாக்பூரையும் வாரங்கலையும் விஜயவாடாவையும் தொட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஆகாயத்தில் அந்த வருத்தமில்லை. ஆகவே, 'சென்னை எத்தனை கிலோமீட்டர்?' என்று யாராவது கேட்டால், 'எதில் போகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பதே ஒழுங்கு.

நேரக் கணக்கிலும் இப்படியே. ஜெட் விமானம் உயரே ஏறிய பிறகு மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அப்படியானால் 1,760 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகக் கடந்துவிடலாமே, பயணச்சீட்டில் ஏன் இரண்டே முக்கால் அல்லது மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள்? நெடுநாள் இது எனக்கு விளங்கவில்லை. விமானத்தின் பயண நேரம் என்று அச்சிடப்படுவது பறக்கிற நேரம் மாத்திரமல்ல. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் அசைகிற நொடி முதல், அடுத்த ஊரில் நிறுத்துமிடத்தில் சக்கரம் நிற்கிற நொடி வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போவதும், முன்னே நிற்கிற விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பதும், மெதுவாய் ஏறுவதும், மெதுவாய் இறங்குவதும் அதற்குள் அடக்கம். டெல்லி போன்ற பரந்த விமான நிலையத்தில் இந்த ஊர்தலே ஒரு சிறு பிரயாணம்தான். 2023 ஜூலையில் அங்கே நான்காவது ஓடுபாதையும், சாலைக்கு மேலே பாலம்போல் கட்டப்பட்ட புதிய ஊர்பாதையும் திறக்கப்பட்ட பிறகு அது சற்றுக் குறைந்திருக்கிறது.

காற்றும் ஒரு காரியம். குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல், வெகு உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பலத்த காற்றோட்டம் ஓடுகிறது. மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்குப் போகிறவர்களை அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வருகிறவர்களை எதிர்த்து நிற்கும். ஆகவே போகிற நேரம் ஒன்று, வருகிற நேரம் வேறு. டெல்லி–சென்னைப் பாதையோ ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடப்பதால், அந்தக் காற்று விலாப்புறத்தில் படுகிறதே தவிரப் போக்கிலும் வரவிலும் பெரிய வித்தியாசம் செய்வதில்லை.

நான் சொல்லவந்த காரியம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோருக்குச் சொந்த ஊர் சென்னை அல்ல. என் ஊர் நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே, பனைமரங்களும் செம்மண்ணுமான ஒரு சிற்றூர். அதற்குக் கிட்டின விமான நிலையம் தூத்துக்குடி வாகைக்குளம். சென்னையிலிருந்து வாகைக்குளம் நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர்தான். டெல்லி–சென்னைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தத் தடத்தில் பெரும்பாலும் பறப்பது இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். அதன் வேகம் ஜெட் விமானத்தைவிட வெகுவாய்க் குறைவு. ஆகவே ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கு தூரத்திற்குப் பாதிக்கு மேற்பட்ட நேரம்!

இனி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப் பாருங்கள். என் வீட்டிலிருந்து டெல்லி விமான நிலையத்திற்கு ஒரு மணி நேரம். அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்கச் சொல்லுகிறார்கள். பிறகு பயணச்சீட்டில் உள்ள 2 மணி 50 நிமிடம். சென்னையில் அடுத்த விமானத்திற்காக, வாய்த்தால் மூன்று மணி நேரம். பிறகு 1 மணி 35 நிமிடம். வாகைக்குளத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காரில் ஸ்ரீவைகுண்டம் வழியாய் ஊர்போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். எல்லாம் ஒழுங்காய் நடந்தால்தான் இந்தப் பன்னிரண்டு. 'மூன்று மணி நேரம்' என்பது இந்த நீண்ட நாளின் நடுவிலே ஒரு துண்டு. விளம்பரங்களில் நாம் பார்ப்பது அந்தத் துண்டைத்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு அப்பால் போகிறேன். சென்னை விமான நிலையத்திற்குப் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறதல்லவா? 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி, இந்தத் தேசத்தின் நீளத்தை அளக்கும் பெருவேலையை அங்கேதான் ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளமுள்ள ஓர் ஆதாரக் கோட்டை இரும்புச் சங்கிலி வைத்து அளக்கவே அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பின் கன்னியாகுமரி தொடங்கி வடக்கே முக்கோணம் முக்கோணமாய் அளந்துகொண்டே போனார். இமயத்தை அவர் பார்க்கவில்லை. 1823இல், நாக்பூருக்குத் தெற்கே இருக்கிற ஹிங்கன்காட் என்ற ஊரில், வேலை நடுவிலேயே காலமானார். ஜார்ஜ் எவரெஸ்ட் என்பவர் அதைத் தொடர்ந்து நடத்தினார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அந்த ஹிங்கன்காட் வழியாய்த்தான் போகிறது. அவர் இருபது வருஷத்திற்கு மேலாக நடந்தும் முடிக்காத தூரத்தை நாம் ஒரு தூக்கத்தில் கடந்துவிடுகிறோம். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகை ஜன்னலில் கடந்துபோகிறபோதெல்லாம் எனக்கு அந்த மனிதருடைய ஞாபகம் வரும்.

விமானத்தில் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பலகையைப் பார்ப்பது நின்றுபோயிற்று.

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து 1996இல் நான் டெல்லிக்கு வந்தேன். அந்த நாட்களில் விமானம் எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாயத்தில் அண்ணாந்து பார்க்கிற ஒரு பொருள். ஊருக்குப் போவதென்றால் புதுடெல்லியில் இரவு ரயிலேறி, மூன்றாம் நாள் காலையில் சென்னை சென்ட்ரல். ரயிலிலேயே சுமார் 33 மணி நேரம். பெட்டி படுக்கையோடு எழும்பூருக்குப் போய், பகலெல்லாம் அங்கே காத்திருந்து, மாலையில் வண்டி பிடித்தால் நான்காம் நாள் காலையில் திருநெல்வேலி. பிறகு பஸ். திங்கட்கிழமை இரவு டெல்லியில் கதவைப் பூட்டினால் வியாழக்கிழமை காலையில் அம்மாவின் முகம்.

1998 ஜூன் மாதத்தில் அப்பா இறந்தபோது நான் அப்படித்தான் போனேன். பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. புறப்படுமுன்னே எனக்குத் தெரியும், நான் போய்ச் சேருகிறவரைக்கும் அப்பாவை வைத்திருக்க முடியாது என்று. ஊரிலும் அது தெரியும். அண்ணன், "நீ பதறாமல் வா, இங்கே நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்றார். நான் போய் நின்றபோது கல்லறை மண் காய்ந்துபோயிருந்தது. அந்தத் துக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குற்ற உணர்வு இல்லை. தூரம் தன் உண்மையான அளவிலேயே எங்கள் நடுவில் நின்றது. அதை யாரும் சின்னதாகச் சொல்லி எங்களை ஏமாற்றவில்லை.

ரயில் பிரயாணத்தை நான் புகழவில்லை. மே மாதத்தில் நாக்பூர் வெயிலில் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்! ஆனாலும், இரவெல்லாம் ஓடி விடிந்தால் வேறு மண், வேறு மொழிப் பலகை. குவாலியருக்கு முன்னே சம்பல் ஆற்றின் பள்ளத்தாக்குகள். சாத்பூரா மலையின் குகைப்பாதைகள். நாக்பூரில் ஆரஞ்சுக் கூடைகள். பல்லார்ஷாவைத் தாண்டினால் தெலுங்கு எழுத்து. விஜயவாடாவில் கிருஷ்ணா ஆற்றின்மேல் நீண்ட பாலம். தூரம் என்பது எண்ணாக இல்லாமல் உடம்பில் பட்டது. அவ்வளவு பாடுபட்டுப் போனபிறகு இரண்டு நாளில் திரும்ப யாருக்கு மனம் வரும்? இருபது நாள் இருப்போம். பதநீர் காலம் முடிகிறவரைக்கும் இருப்போம். என் பிள்ளைகள் தமிழ் எழுத்தை என் அம்மாவிடம்தான், திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக் கற்றுக்கொண்டார்கள்.

2003ஆம் ஆண்டுக்குப் பின்பு குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. 2005இல் நான் முதல்தடவை விமானத்தில் ஊருக்குப் போனேன். ஊழியக்காரனுக்கு விமானம் கேட்கிறதோ என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ரயிலில் குளிர்சாதன வகுப்புக்கும் அதற்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று சீட்டைக் காட்டி விளக்கவேண்டியிருந்தது. அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். காலையில் தொலைபேசியில் பேசிய மகன் இரவில் வாசலில் நிற்கிறான். "எய்யா, சாப்பாடு ஆறுறதுக்குள்ளே வந்துட்டியே" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போனேன். யாராவது என்னைக் கேட்டால், முன்பைவிட இப்போது அதிகமாய்ப் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்; அப்படியே நம்பிக்கொண்டுமிருந்தேன். வெகுகாலம் கழித்து, ஒரு மழை நாளில் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினபோதுதான் உண்மை தெரிந்தது. 1999 முதல் 2004 வரைக்கும் ரயிலில் ஆறு தடவை போயிருக்கிறேன். ஊரில் தங்கிய இரவுகள் 118. 2005 முதல் 2012 வரைக்கும் விமானத்தில் பதினொரு தடவை போயிருக்கிறேன்; தங்கிய இரவுகள் 29.

இதை எழுதுகிறபோதும் அந்த இரண்டு எண்களையும் மறுபடி கூட்டிச் சரிபார்த்தேன்.

என்ன நடந்தது என்று சிந்தித்துப் பாருங்கள். விமானத்தில் போகிறவனிடம் எல்லாருமே நேரத்தை எதிர்பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தை முடித்துவிட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் திரும்பிவிடலாமே என்று சபையில் சொல்லுவார்கள். அலுவலகத்தில் உங்களிடம் மேலாளர் சொல்லுவார். போகவர இரண்டு நாள் போக, இரண்டு அல்லது மூன்று இரவுகள். திரும்புகிற சீட்டும் முன்னமே எடுத்தாகிவிட்டது. நாளை மாற்றினால் பணம் நஷ்டம். வந்து இறங்கும்போதே, 'எப்போது திரும்ப வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதில் நம் சட்டைப்பையில் இருக்கிறது. ரயிலுக்கும் திரும்பும் சீட்டு உண்டுதான். ஆனால் இருபது நாளுக்கு அப்பால் இருக்கிற சீட்டு திண்ணையில் உட்காருகிறவனை உறுத்துவதில்லை.

2011இல் ஒரு தடவை, புறப்படுகிற காலையில், அம்மா பனங்கிழங்குகளை ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டே சொன்னார்கள்: "எய்யா, நீ ரயில்லே வந்தப்போ நாலு நாளு வந்து இருபது நாளு இருந்தே. இப்போ ஒரு நாள்லே வந்து ரெண்டு நாள்லே போயிருதே. டெல்லி இப்போதானே தூரமாப் போச்சு?" குறையாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார்கள். வாசலில் கார் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. "அடுத்த தடவை பத்து நாள் இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

2013 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அக்கா அழைத்தாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் வாதம் கண்டு பேச்சு குழறுகிறது என்றாள். நான் உடனே சொன்ன வார்த்தை இதுதான்: "பயப்படாதே அக்கா, காலையில் முதல் விமானத்தில் ஏறினால் மூன்று மணி நேரம், மத்தியானம் அங்கே இருப்பேன்."

விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டேன். ஆறு மணி பத்து நிமிடத்திற்கு விமானம். டெல்லியின் ஜனவரி மூடுபனியை அறிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கிற விமானத்தின் மூக்கு மாத்திரம் தெரிந்தது, இறக்கை தெரியவில்லை. அடர்ந்த பனியிலும் விமானத்தை இறக்குவதற்குக் கருவிகள் டெல்லியில் இருக்கின்றன. ஆனால் கருவி தரையில் இருந்தால் போதாது. விமானமும் அதற்குத் தகுதியுள்ளதாக இருக்கவேண்டும், விமானியும் அதற்கென்று பயிற்சி பெற்றவராக இருக்கவேண்டும். புறப்படுவதற்கும் ஓடுபாதையில் இத்தனை மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற விதி உண்டு. பனி சற்று விலகினாலும், ஒரே ஓடுபாதைக்கு முப்பது நாற்பது விமானங்கள் வரிசையில் நிற்கின்றன. இவையெல்லாம் அங்கே யாரும் எனக்கு விளக்கவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம் பலகையில் மாறிக்கொண்டேயிருந்த நேரம் ஒன்றுதான்: 7.30, 9.00, 10.45, பிறகு நேரமே இல்லாமல் வெறும் 'தாமதம்'.

ஒன்றை அங்கே கவனித்தேன். டெல்லியும் என் ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகைக்கும் 78 பாகைக்கும் இடையில் இருக்கின்றன. வரைபடத்தில் டெல்லியிலிருந்து நேர் கீழே கோடு இழுத்தால் கிட்டத்தட்ட எங்கள் பகுதியிலேயே வந்து முடியும். ஆனால் ஜனவரியில் டெல்லியில் சூரியன் உதிக்க ஏழேகால் ஆகிவிடும். திருநெல்வேலிப் பக்கம் 6.40க்கெல்லாம் உதித்துவிடும். அம்மா காலையில் அழைத்தால் முதலில், "அங்கே விடிஞ்சிட்டா?" என்றுதான் கேட்பார்கள். அன்றைக்குப் பத்து மணி ஆகியும் அந்தக் கண்ணாடிக்கு வெளியே விடியவில்லை.

பகல் ஒரு மணிக்கு விமானம் புறப்பட்டது. 3.50க்குச் சென்னை. நான் பிடித்திருக்கவேண்டிய தூத்துக்குடி விமானம் எப்போதோ போய்விட்டது. விமான நிலையத்திற்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம்; அங்கிருந்து நான்காவது நிலையம் தாம்பரம்; தெற்கே போகிற வண்டிகள் அங்கே நிற்கும். திரிசூலத்தில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது மணி ஐந்தரை. அக்கா அழைத்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. பின்னாலே அழுகிற சத்தம் கேட்டது.

அன்று இரவு முன்பதிவில்லாத பெட்டியில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றும் உட்கார்ந்தும் போனேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர்ப் போய்ச் சேர்ந்தேன். செவ்வாய் இரவு ஒன்பதிலிருந்து வியாழன் காலை ஒன்பது: முப்பத்தாறு மணி நேரம். சென்னைவரைக்கும் ரயில் எடுத்துக்கொள்கிற 33 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம்.

நியாயமாய்ப் பேசவேண்டும். விமானம் இல்லாவிட்டால் அம்மாவின் முகத்தையும் நான் பார்த்திருக்கமாட்டேன். அன்று பிற்பகல் அடக்க ஆராதனையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்கு அது எனக்குக் கிடைக்கவில்லை. மூடுபனியின்மேலும் எனக்குக் கோபமில்லை. ஜனவரி மாதத்தில் பனி பெய்யத்தான் செய்யும். நான் இழந்தது அந்த ஏழு மணி நேரத்தில் அல்ல. 2011க்கும் 2013க்கும் நடுவே நான்கு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். சொன்ன பத்து நாளை ஒரு தடவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், என்ன அவசரம், மூன்று மணி நேரம்தானே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அக்கா சொன்னாள், அன்று மத்தியானம் வரைக்கும் அம்மாவுக்கு நினைவு இருந்ததாம். ஒரு தடவை கையால் வாசலைக் காட்டினார்களாம். இவள், "இப்போ வந்துருவான்" என்று சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன மூன்று மணி நேரத்தை நம்பித்தான் சொன்னாள்.

அந்த வாலிபரிடம் நான் இதையெல்லாம் சபை வாசலில் நின்று சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரக் கணக்கை மாத்திரம் விரலை மடக்கிக் காட்டினேன். தூத்துக்குடி விமானம் கிடைக்காவிட்டால் தாம்பரத்துக்குப் போகும் வழியையும், 2023 செப்டம்பரிலிருந்து எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஓடுகிற வந்தே பாரத் ரயில் எட்டு மணி நேரத்திற்குள் போய்விடுகிறது என்பதையும், அது பிற்பகலில் புறப்படுவதால் டெல்லியில் காலை முதல் விமானத்தைப் பிடித்தால்தான் அகப்படும் என்பதையும் சொன்னேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியிலிருந்து விடியற்காலை விமானத்தை நம்பி அதே நாளில் அடுத்த வண்டிக்குச் சீட்டு எடுக்கவேண்டாம் என்றும் சொன்னேன். மும்பையில் இருக்கிற வாசகர்களுக்கும் கொல்கத்தாவில் இருக்கிறவர்களுக்கும் எண்கள் மாறும்: மும்பை–சென்னை ஆகாயவழி சுமார் 1,030 கிலோமீட்டர், கொல்கத்தா–சென்னை சுமார் 1,390. ஆனால் சென்னைக்கு அப்பால் இருக்கிற கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். அதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக அவரிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, உன் விடுப்பில் எத்தனை நாள் மீதி இருக்கிறது?" அவர் கைபேசியைப் பார்த்து, "இருபத்திரண்டு ஐயா" என்றார். "எதற்காக வைத்திருக்கிறாய்?" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவசரத்துக்கு என்று வைத்திருக்கிறேன்" என்றார். அவசரம் என்று அவர் எதைச் சொல்லுகிறார் என்பது எங்கள் இருவருக்குமே விளங்கிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் புறப்பட்டுப் போனார். பதினாறு நாள் இருந்துவிட்டு வந்தார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தகப்பனார் முற்றத்தில் நாலு எட்டு வைக்கிற படத்தைக் காட்டினார். அதில் மகனுடைய கை மாத்திரம் ஓரத்தில் தெரிகிறது.

என் அக்கா இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள், வயது அறுபத்தெட்டு. வருகிற மே மாதத்திற்கு நானும் என் மனைவியும் நிஜாமுத்தீனிலிருந்து போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸில் போவதாகத் தீர்மானித்திருக்கிறோம். சென்னையில் மாறவேண்டியதில்லை, நேராகத் திருநெல்வேலியில் இறங்கிவிடலாம். திரும்பும்போது விமானம்தான், மனைவியின் முழங்கால் இரண்டு தடவை அதைத் தாங்காது. அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் வழக்கம்போல, "எத்தனை மணிக்கு வந்து சேருவே?" என்று கேட்கவில்லை. "எத்தனை நாள் இருப்பே?" என்றாள்.

"பதினெட்டு நாள்" என்றேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்படின்னா மேல் அறைக்கு வெள்ளையடிக்கணுமே, ஆளைக் கூப்பிடணும்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.